ஆலமரம் குடும்பக் குரூப்: சுக்ரீவன் திரும்பி வந்த கதை

அகிலன்: எல்லாருக்கும் ஒரு விஷயம். திங்கக்கிழமை பழைய கம்பெனிலயே திரும்பச் சேர்றேன்.

ரேவதி அத்தை: போன வருஷம்தானேடா கேக் வெட்டி வழியனுப்புனாங்க?

அகிலன்: அதே ஆளுங்கதான் அத்தை. சம்பளம் மட்டும் இப்ப வாங்குறதைவிடக் கம்மி. யாரும் ஒண்ணும் கேக்காதீங்க ப்ளீஸ்.

கவிதா அக்கா: கேக்ல மிச்சம் இருந்தா கேளு 😂

பெரியப்பா: 🌺 இனிய சனிக்கிழமை காலை வணக்கம் 🌺

செந்தில் சித்தப்பா: அகிலா, சிஹ்ரின்ஸ்கின்னு ஒருத்தனைத் தெரியுமா? ட்மித்ரோ சிஹ்ரின்ஸ்கி, உக்ரைன் ஃபுட்பால்காரன். சென்டர் பேக், அதாவது பின்னாடி நின்னு கோல் விழாம தடுக்கற ஆளு.

அகிலன்: பார்சா, அதான் பார்சிலோனா கிளப், தண்டத்துக்குக் காசு குடுத்து வாங்குன லிஸ்ட்ல எப்பவும் வருவானே, அவனா? ஆறுதல் சொல்ல வேற ஆளே கிடைக்கலையா சித்தப்பா?

செந்தில் சித்தப்பா: அந்த லிஸ்ட் போடறவனுங்க யாரும் அவன் உக்ரைன் கிளப் ஷக்தார் டொனெட்ஸ்க்ல ஆடுனதைப் பாத்திருக்க மாட்டானுங்க. 2009 மே மாசம், இஸ்தான்புல்ல யூஇஎஃப்ஏ கப் ஃபைனல். ஜெர்மனி கிளப் வெர்டர் பிரெமனை எக்ஸ்ட்ரா டைம்ல 2-1னு அடிச்சாங்க. தனி நாடான பிறகு உக்ரைன் கிளப் ஒண்ணு ஜெயிச்ச முதல் ஐரோப்பியக் கோப்பை அதுதான்.

செந்தில் சித்தப்பா: அதே வருஷம் ஆகஸ்ட் 28, மொனாக்கோல சூப்பர் கப், அந்த வருஷ யூஇஎஃப்ஏ கப் ஜெயிச்ச டீமும் சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்ச டீமும் மோதுற மேட்ச். ஷக்தாருக்கு எதிர்ல பார்சா. பாட்டி தூங்கிட்டாங்கன்னு டிவி சத்தத்தை மொத்தமா குறைச்சு வச்சிட்டுப் பாத்தேன். சிஹ்ரின்ஸ்கி தோள் வரைக்கும் முடி வச்சிருப்பான். மெஸ்ஸியும் இப்ராஹிமோவிச்சும் முட்டி மோதியும் 90 நிமிஷம் கோல் விழல. 115-வது நிமிஷம் பார்சாவோட பெட்ரோ அடிச்சுட்டான். சரி, அதுக்கப்புறம் என்ன ஆச்சு தெரியுமா?

கவிதா அக்கா: சொல்லுங்க, சொல்லாம விடவா போறீங்க

செந்தில் சித்தப்பா: சில நாள்லயே சிஹ்ரின்ஸ்கியை பார்சா வாங்கிருச்சு. 25 மில்லியன் யூரோ! பையனுக்கு 22 வயசு. பார்சா கோச் கார்டியோலா பிடிவாதமா கேட்டு வாங்குன ஆளு. கண்ணை மூடிட்டுப் பந்தைத் தூக்கி அடிக்காம, பின்னாடியிலேருந்தே அளந்து பாஸ் குடுக்கத் தெரிஞ்ச டிஃபெண்டர்.

ரேவதி அத்தை: பேர் வாயில நுழையல. நான் சுக்ரீவன்னு வச்சுக்கறேன். ஆடுனானா இல்லையா?

அகிலன்: லீக்ல 12 மேட்ச் அத்தை. அவ்ளோதான்.

செந்தில் சித்தப்பா: அந்த டீம்ல அதே எடத்துல ஆட புயோலும் பிகேயும் இருந்தாங்க, எடம் எங்கடா காலி? அந்த சீசன்ல 99 பாயின்ட் எடுத்து ஸ்பெயின் லீக்கான லா லிகா ஜெயிச்சாங்க. 2010 ஜூலைல பார்சாவுக்குப் புதுத் தலைவர், கையில ரொக்கம் இல்ல. கார்டியோலாவுக்கு அனுப்பவே மனசில்ல, ஆனா வித்துட்டாங்க. எங்க? திரும்ப ஷக்தாருக்கே. 15 மில்லியன்.

ரேவதி அத்தை: ஒரு வருஷத்துல பத்து மில்லியன் போச்சா! செய்கூலி சேதாரம் எல்லாம் குடுத்து வாங்குன வளையலை அதே கடையில கொண்டுபோய் வித்த மாதிரில்ல இருக்கு 🤦‍♀️

அகிலன்: நான்தான் வளையலா அத்தை?

கவிதா அக்கா: சேதாரம் 😂😂

பெரியப்பா: 2006 உலகக் கோப்பைல ஷெவ்சென்கோவோட உக்ரைன் காலிறுதி வரைக்கும் வந்துச்சே. இவன் அப்ப உண்டா?

செந்தில் சித்தப்பா: அண்ணே, நீங்க படிச்சிட்டுத்தான் இருக்கீங்களா! உண்டு, 19 வயசுல அந்த டீம்ல இருந்தான்.

அகிலன்: சரி, திரும்பிப் போய் என்ன சாதிச்சான்? அதைச் சொல்லுங்க.

செந்தில் சித்தப்பா: நீ நினைக்கிற மாதிரி ராஜா மாதிரி எல்லாம் இல்லடா. காயம் மேல காயம். 2011-ல ஷக்தார் சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்குப் போச்சு, அங்க எதிர்ல வந்து நின்னது பார்சாவேதான். முதல் மேட்ச்லயே 5-1னு பொளந்து கட்டிட்டாங்க. 2014-ல டொனெட்ஸ்க்ல சண்டை வந்து கிளப்பே ஊரைக் காலி பண்ணுச்சு. 2015-ல இவன் நிப்ரோங்கற இன்னொரு உக்ரைன் கிளப்புக்குப் போனான்.

கவிதா அக்கா: சித்தப்பா, ஆறுதல் சொல்றீங்களா, பயமுறுத்துறீங்களா?

செந்தில் சித்தப்பா: இரும்மா. 2016-ல கிரீஸ், ஏஇகே ஏதென்ஸ். 1994-க்கப்புறம் லீக்கே ஜெயிக்காத கிளப். 2018-ல ஜெயிச்சாங்க. டிஃபென்ஸ்ல இவன், வயசு 31. அந்த ஊர்க்காரன்கிட்ட போய் தண்டம்னு சொல்லிப் பாரு, அடிக்க வருவான்.

அகிலன்: அப்ப எனக்கும் ஏதென்ஸ் வர இன்னும் எட்டு வருஷம் ஆகும்ங்கறீங்க.

செந்தில் சித்தப்பா: கணக்கெல்லாம் நல்லாத்தான் போடறே.

அகிலன்: நேத்து அங்க சேர்றதுக்கான பேப்பர் குடுக்கப் போனேன். கேட்ல செக்யூரிட்டி அண்ணன் என்னைப் பாத்துட்டு, "என்ன தம்பி, லீவு முடிஞ்சுதா?"ங்கறாரு. பழைய ஐடி கார்டை அவரே டிராயர்லேருந்து எடுத்துக் குடுத்தாரு. கயிறுகூட மாறல.

கவிதா அக்கா: 🥹

ரேவதி அத்தை: திங்கக்கிழமை தயிர்சாதமா, எலுமிச்சம்பழ சாதமா? அந்தக் கேன்டீன் சாப்பாடு உனக்கு ஒத்துக்காதுன்னு புலம்புவியே.