பழைய ஸ்ப்ளெண்டர் பின் ஷாக் போயிடுச்சு, ஒண்ணு மட்டும் மாத்தினா போதுமா?

திண்டுக்கல்_காரன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட 2003 ஸ்ப்ளெண்டர் இப்ப என்கிட்ட இருக்கு, டேங்க்ல ஹீரோ ஹோண்டான்னு எழுதின வண்டி. இஞ்சின்ல ஒரு குறையும் இல்ல, ஆனா பின் ஷாக் அப்சார்பர் ஆயுசு முடிஞ்சிடுச்சுன்னு நினைக்கறேன். தனியா போனா பெருசா தெரியல, அம்மாவை ஏத்திக்கிட்டு சந்தைக்குப் போனா ஒவ்வொரு வேகத்தடையிலயும் டங்குன்னு அடி வாங்குது, ஏறி இறங்கினதும் வண்டி மேலயும் கீழயுமா கொஞ்ச நேரம் ஆடிட்டுதான் அடங்குது. வத்தலக்குண்டு ரோட்டுல வளைவுல திருப்பினா பின்பக்கம் மட்டும் தனியா நெளியுது. வலது ஷாக்ல ஸ்பிரிங்குக்கு உள்ள ஆயில் கசிஞ்சு, அதுல மண்ணு ஒட்டி கருப்பா பிசுபிசுன்னு கிடக்கு. இடது பக்கம் காஞ்சுதான் இருக்கு.

ஒரு மெக்கானிக் வலது மட்டும் மாத்தினா போதும்ங்கறாரு. இன்னொருத்தர் ரெண்டையும் ரீகண்டிஷன் பண்ணித் தரேன், பாதிக் காசுல முடிச்சுடலாம்ங்கறாரு. ஃப்ரெண்டு ஒருத்தன் அதெல்லாம் வேணாம் மச்சி, பல்சர்ல வர்ற கேஸ் ஷாக்கை (ஆயிலோட கேஸும் அடைச்சது) வாங்கி மாட்டு, பின்னிடும்ங்கறான். பிளக், பிரேக் ஷூ, செயின் டைட் வெக்கறது எல்லாம் நானே பண்ணிப்பேன், இதையும் வீட்டு வாசல்லயே வெச்சு பண்ண முடியுமா? எதை வாங்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொங்கு_வீல்:
ப்ரோ ஜோடியாத்தான் மாத்தோணும், இதுல யோசிக்கவே வேண்டாம்.

ஏன்னா வண்டி வெயிட்டைத் தாங்கறது வெளிய தெரியற ஸ்பிரிங், அது அவ்வளவு சீக்கிரம் போகாது. போறது உள்ள இருக்கற டேம்பர். பள்ளத்துல விழுந்ததும் ஸ்பிரிங் அமுங்கி திரும்ப எகிறுது பாருங்க, அந்த எகிறலை அடக்கறதுதான் உள்ள இருக்கற ஆயிலோட வேலை, சின்னச் சின்ன ஓட்டை வழியா ஆயிலை நெருக்கித் தள்ளி அந்த வேகத்தை சூடா மாத்திடும். சீல் போய் ஆயில் கசிஞ்சா எகிறலை அடக்க ஆளே இல்ல, நீங்க சொல்ற ஆட்டம் அதுதான். இப்ப வலது பக்கம் புதுசு, இடது பக்கம் இருபது வருசப் பழசுன்னு போட்டா ஒரு பக்கம் பிடிக்கும் ஒரு பக்கம் விடும், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடிச்சிருக்கற கவை) முறுக்கிக்கிட்டே ஓடும். இடதுல ஆயில் கசியலைங்கறதால அது நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லீங்க, உள்ள இருக்கற ஆயிலும் வால்வும் அதே வயசுதானே.

இன்னொண்ணு, ஷாக்கோட அடியில படிப்படியா வெட்டு வெச்ச காலர் இருக்கும், அதை ரெண்டு படி ஏத்தி விட்டா சரியாயிடும்னு எவனாவது சொல்லுவான். அது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் இறுக்கி வெக்கற விசயம், டபுள்ஸ் போறப்ப பின்பக்கம் ரொம்ப உக்காராம இருக்கும், அவ்வளவுதான். ஆட்டம் நிக்காது.

பட்டறை_அண்ணன்:
தம்பி, காசைக் குடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் சோதனை பண்ணிடு. பாதிப் பேர் ஷாக்கை மாத்திட்டு அதே சத்தம் வருதுண்ணேன்னு திரும்ப வந்து நிப்பாங்க.

முதல்ல காத்து. பின் டயர்ல காத்து கூடுதலா இருந்தாலும் தூக்கித்தான் போடும், கம்பெனி சொன்ன அளவு இருக்கான்னு பாத்துக்கோ. அப்புறம் வண்டியை ஸ்டாண்ட் போடாம நிறுத்தி சீட்டுக்குப் பின்னாடி கையை ஊணி உடம்பு பாரத்தோட அமுக்கி விடு. மெதுவா மேல வந்து ஒரே மூச்சுல நின்னா டேம்பர் உசுரோட இருக்கு. சட்டுனு எகிறி மறுபடி இறங்கி மறுபடி ஏறினா போச்சு. கடைசியா மெயின் ஸ்டாண்ட் போட்டு, பின் சக்கரத்தை ரெண்டு கையால பிடிச்சு இடவலமா ஆட்டிப் பாரு. லொடக்குனு கை உணர்ந்தா ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ (அது ஆடற இடத்துல இருக்கற உறை) வீல் பேரிங்கோ தேஞ்சிருக்கு. வளைவுல நெளியுதுன்னு நீ சொன்னது அதுவாவும் இருக்கலாம், ஷாக் மட்டும் மாத்தினா நெளிசல் போகாது.

வீட்டுலயே தாராளமா பண்ணலாம். மெயின் ஸ்டாண்ட் போடு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கழட்டாத, ஒரு பக்கம் கழட்டி மாட்டிட்டு அடுத்த பக்கம் போ, அப்பத்தான் ஸ்விங் ஆர்ம் கீழ தொங்காம ஓட்டை நேரா நிக்கும். மேல டூம் நட்டு (தொப்பி மாதிரி ஒரு பக்கம் மூடின நட்டு), கீழ போல்ட்டு. சாரி கார்டு, கைப்பிடி எதாவது அதே நட்டுல மாட்டியிருந்தா எந்த வாஷர் எதுக்கு அடுத்து இருந்துச்சுன்னு போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோ. வலது பக்கம் சைலன்சர் ஸ்பானருக்கு இடைஞ்சல் பண்ணினா அதை லூஸ் பண்ணி இறக்கிக்கோ. புது ஷாக் ஓட்டைக்கு நேரா வரலைன்னா சுத்தியலால அடிச்சு ஏத்தாத, டயருக்கு அடியில பலகைத்துண்டு குடுத்து சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கினா தானா வந்து உக்காரும்.

நட்டை எல்லாம் முதல்ல கையால ஓட்டி விடு. கடைசி டைட்டு ஸ்டாண்டை எடுத்துட்டு, வண்டி ரெண்டு சக்கரத்துல நிக்கறப்ப, ஒரு ஆளை மேல உக்கார வெச்சு வெக்கணும். சக்கரம் அந்தரத்துல தொங்கறப்பவே இறுக்கிட்டா ஷாக் காதுல (போல்ட்டு நுழையற வளையத்துல) இருக்கற ரப்பர் புஷ் எந்நேரமும் முறுக்கிக்கிட்டே இருக்கும், சீக்கிரம் கிழிஞ்சு டொக் டொக்னு சத்தம் குடுக்கும். இதை நிறைய பட்டறையில செய்யறதில்ல.

ஆர்எக்ஸ்_பைத்தியம்:
கேஸ் ஷாக் ஆசைக்கு நான் பதில் சொல்றேன், என் ஆர்எக்ஸ் 100க்கு நான் தேடாத ஷாக் இல்ல 😄

நண்பா பின்னாடி கேஸ் டப்பா வெச்ச ஷாக் பாக்க கெத்தாத்தான் இருக்கும், ஆனா அது ஸ்ப்ளெண்டரைவிட வெயிட்டான வண்டிக்குக் கணக்குப் போட்ட ஸ்பிரிங். 100 சிசி வண்டியில மாட்டினா தனியா போறப்ப அமுங்கவே அமுங்காது, முதுகுத்தண்டு பேசும். அம்மா உக்காரப் போற வண்டிக்கு அது எதுக்கு. நீளம் அடுத்த பிரச்சனை. மேல் ஓட்டை நடுவுல இருந்து கீழ் ஓட்டை நடு வரைக்கும் டேப் வெச்சு அளக்கணும், பழசும் புதுசும் ஒண்ணா இருக்கணும். நீளம் கூடினா பின்பக்கம் தூக்கிக்கும், சைடு ஸ்டாண்ட்ல ரொம்ப சாயும், மெயின் ஸ்டாண்ட் போட்டா சக்கரம் தரையைத் தொடும், செயின் டென்ஷனும் மாறும். நீளம் குறைஞ்சா பள்ளத்துல டயர் மட்கார்டுல உரசும். காதுல இருக்கற புஷ் ஓட்டை சைஸும் ஒத்துப் போகணும், வாஷரை அடுக்கி சமாளிக்கற வேலை எல்லாம் வேணாம்.

ஸ்ப்ளெண்டருக்கு ஸ்பேர் பஞ்சமே கிடையாது, 1994ல வந்த வண்டி, பிளஸ்ங்கற பேர்ல இன்னும் விக்கறாங்க. ஹீரோ ஜென்யூன் கிடைக்கும், இல்லைன்னா கேப்ரியல், எண்டியூரன்ஸ் ரெண்டுலயும் வரும். கேப்ரியலுக்கு நம்ம ஓசூர்லயே ஃபேக்டரி இருக்கு. சென்னைப் பக்கம் வர்ற வேலை இருந்தா ஜிபி ரோட்டுல ரெண்டு மூணு கடை ஏறி இறங்கி விலை கேட்டுப் பாரு. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிஞ்சுக்கறதா சொன்னதே 2010 கடைசியில, அதனால இன்னைக்கு ஒருத்தர் ஹீரோ ஹோண்டா லோகோ போட்ட பளபள பாக்கெட்டை ஃபிரெஷ் ஸ்டாக்னு நீட்டினா அதைத் தொடாதே.

திண்டுக்கல்_காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணே நீங்க சொன்ன மாதிரி அமுக்கிப் பாத்தேன், எகிறிட்டு மறுபடி இறங்குது. சக்கரத்தை ஆட்டினா லேசா ஒரு லொடக்கு இருக்கு, பேரிங்கா புஷ்ஷான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஜென்யூன் ஷாக்கே ஜோடியா ஆர்டர் பண்ணிட்டேன். அது வர்றதுக்குள்ள லூஸ் பண்ணி வெப்போம்னு பாத்தா இடது பக்க டூம் நட்டு அசையவே மாட்டேங்குது, துருப்பிடிச்சு நட்டோட மூலையெல்லாம் ஏற்கெனவே யாரோ மழுங்க வெச்சிருக்காங்க. அப்புறம் ரீகண்டிஷன் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலயே?

பட்டறை_அண்ணன்:
லொடக்கு ஈஸி தம்பி. ஒரு கையால ஸ்விங் ஆர்மைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால சக்கரத்தை ஆட்டு. சக்கரம் மட்டும் ஆடினா பேரிங். ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினா முன்னாடி பைவட்ல, அதாவது ஸ்விங் ஆர்ம் ஃபிரேம்ல சேர்ற இடத்துல இருக்கற புஷ். புஷ்ஷா இருந்தா ஷாக் கழட்டற அன்னைக்கே அதையும் பாத்துடு, எப்படியும் பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

நட்டுக்கு ஓப்பன் ஸ்பானரைக் கொண்டு போகாத, மிச்ச மூலையும் போயிடும். வயர் பிரஷ்ஷால துருவைத் தேய்ச்சு விட்டு, துரு கழட்டற ஸ்பிரே அடி. டூம் நட்டு முன்னாடி மூடியிருக்கறதால நெத்தியில அடிச்சா உள்ள போகாது, நட்டுக்குப் பின்னாடி வாஷர் இடுக்குல படற மாதிரி அடிக்கணும். ராத்திரி ஒருதரம் காலையில ஒருதரம். அப்புறம் ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பானரை நல்லா உள்ள வரைக்கும் ஏத்தி நிதானமா பாரம் குடு. நட்டு மேல லேசா நாலு தட்டு தட்டினா துருப் பிடிப்பு விடும், ஓங்கி அடிச்சா ஃபிரேம்ல இருக்கற ஸ்டட் (நட்டு ஏறற மரை கம்பி) வளைஞ்சுடும், அதுக்கப்புறம் வெல்டிங் கடைக்குத்தான் போகணும். அப்பவும் வரலைன்னா நட்டை உளியால பிளந்து எடுத்துடு, போனா ஒரு நட்டுதான்.

ரீகண்டிஷன் பத்தி: இந்த ஷாக்கெல்லாம் பிரிக்கறதுக்காக செஞ்சதில்ல, அழுத்தி மூடி சீல் பண்ணினது. அதை அறுத்து புது சீலும் ஆயிலும் போட்டு மறுபடி மூடுவாங்க. மண்ணு ஒட்டி ஓடின கம்பியில குரோம் கீறியிருக்கும், அந்தக் கீறல் புது சீலையும் சீக்கிரம் அறுத்துடும். ஸ்பேரே கிடைக்காத வண்டிக்குன்னா வேற வழியில்லாம பண்ணலாம், உனக்கு அந்த அவசியம் இல்ல.

கொங்கு_வீல்:
பார்சல் வந்ததும் ஷாக்கைப் படுக்க வெக்காம, பழசு வண்டியில எப்படி நின்னுச்சோ அதே வாக்குல ஒரு ராத்திரி நிமித்தி வெய்ங்க ப்ரோ, மாட்டறப்பவும் தலைகீழா மாட்டிடாதீங்க. குடோன்ல படுத்துக் கிடந்த ஷாக்ல உள்குழாய்க்குள்ள காத்து ஏறியிருக்கும். மாட்டி முடிச்சதும் சீட்டை நல்லா பத்து தடவை அமுக்கி விடுங்க, முதல்ல கொழகொழன்னு இறங்கும், காத்து வெளிய போனதும் பிடிப்பு வந்துடும். காலரை ரெண்டு பக்கமும் ஒரே படியில வெய்ங்க, அம்மா ஏறும்போது மட்டும் ஒரு படி ஏத்திக்கலாம். நூறு கிலோமீட்டர் ஓடினதும் நாலு இடத்துலயும் ஒருக்கா ஸ்பானர் போட்டுப் பாத்துடுங்க.