கோடீன் வலி மாத்திரை எனக்கு மட்டும் கேக்கவே மாட்டேங்குது, ஜீன் காரணமா இருக்குமா?

தூங்காதவன்:
கடவாய்ப்பல் எடுத்தப்போ பாராசிட்டமாலோட கோடீன் கலந்த மாத்திரை குடுத்தாங்க. அக்காவுக்கும் முன்னாடி இதே மாத்திரைதான், அவ ஒண்ணு போட்டுட்டு நல்லா தூங்கிட்டா, நான் ராத்திரி பூரா தாடையப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். வேற ஏதாவது குடுங்கன்னா போதைக்கு கேக்குற மாதிரி பாக்குறாங்க. ஒரே அப்பா அம்மா, இது பரம்பரையா வர்ற விஷயமா?

மாத்திரை_டப்பா:
பார்மசில வேலை பாக்குறேன். வாய்ப்பு இருக்கு. கோடீன் அப்படியே பெருசா வலியக் குறைக்காது, கல்லீரல்ல சிஒய்பி2டி6-னு ஒரு என்சைம் இருக்கு, அது கோடீன்ல ஒரு சின்ன பங்க மார்ஃபினா மாத்தும், வலிக்கு கேக்குறது அந்த மார்ஃபின்தான். அந்த ஜீன் ரெண்டு காப்பியும் வேலை செய்யலன்னா மாத்திரை போட்டும் பிரயோஜனம் இல்ல, உங்களுக்கு பாராசிட்டமால் மட்டும் போட்ட கதைதான். ஐரோப்பிய வம்சாவளில 5-10 சதவீதம் பேர் இப்படி, ஆசியாவுல இத விட கம்மி. அக்கா தம்பிக்குள்ள மாறுறதுல ஆச்சரியம் இல்ல, அப்பா அம்மா கிட்ட ஆளுக்கொரு கெட்ட காப்பி இருந்தா அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பிள்ளைக்கு ரெண்டும் சேந்து வர நாலுல ஒரு வாய்ப்பு.

ரெட்டைக்காப்பி:
நான் அதுக்கு நேர் எதிர் கேஸ். என் ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்ல இதே ஜீன் கூடுதல் காப்பி இருக்குன்னு வந்துச்சு. கோடீன் போட்டா மார்ஃபின் வேகமா நிறைய சேந்துடும், மூச்சே மந்தமாகலாம், உண்மையிலேயே ஆபத்து இதுதான், கேக்கலன்னா வலியோட போயிடும். இப்படி குழந்தைங்க இறந்ததாலதான் 2017-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 12 வயசுக்குக் கீழ கோடீனும் வலிக்கு டிராமடாலும் குடுக்கவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதனால கேக்கலன்னு தூங்காதவன் நீங்களா டோஸ ஏத்திடாதீங்க ப்ளீஸ்.

சந்தேகப்பிராணி:
எல்லாத்துக்கும் ஜீன்னு சொல்றது இப்ப ஃபேஷன் ஆயிடுச்சு. வேற மாத்திரை ஏதாவது எடுக்குறீங்களா? ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின் மாதிரி மனச்சோர்வு மாத்திரைங்க இதே என்சைமத்தான் அடைக்கும், ஜீன் நல்லா இருந்தாலும் கோடீன் கேக்காது.

தூங்காதவன்:
அடக்கடவுளே, ஃப்ளூவாக்செட்டின் எடுக்குறேன். பல் டாக்டர் கேக்கல, நானும் சொல்லல. அப்போ நிறுத்திடட்டுமா?

மாத்திரை_டப்பா:
ஐயோ நீங்களா நிறுத்தாதீங்க, நிறுத்தினாலும் அது உடம்ப விட்டுப் போக வாரக்கணக்காகும். வலி மாத்திரைய மாத்தச் சொல்லுங்க. டிராமடாலும் வேணாம், அதுக்கும் இதே என்சைம் வேணும், ஃப்ளூவாக்செட்டினோட சேந்தா வலிப்பு, செரடோனின்ங்கிற மூளை ரசாயனம் அளவுக்கு மீறி ஏறுற பிரச்சனை வேற வரலாம். மார்ஃபினுக்கு இந்த என்சைம் தேவையில்ல. பல் வலிக்கு பெரும்பாலும் இபுப்ரோஃபென் குடுப்பாங்க, ஆனா அதுவும் ஃப்ளூவாக்செட்டினோட சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும், அதனால கடைல போய் சும்மா வாங்கிடாம டாக்டர்கிட்ட ரெண்டையும் சொல்லிட்டு வாங்குங்க.

ரெட்டைக்காப்பி:
இபுப்ரோஃபெனுக்கும் ஜீன் உண்டு, சிஒய்பி2சி9, அது மந்தமா இருந்தா மருந்து உடம்புல ரொம்ப நேரம் தங்கும். சந்தேகப்பிராணி திட்டுவார், நிறுத்திக்கிறேன் 😄