வேதாகம ஆற்றுப்படுத்தல்: வசனத்தை எப்ப எடுக்கிறது?

சுன்னாகம் தங்கச்சி:
சபையில பெண்கள் ஐக்கியத்துக்கு வாற ஆக்களோட தனிய இருந்து கதைக்கிற பொறுப்பைப் போதகர் என்னட்டத் தந்திருக்கிறார். பிள்ளை காணாமல் போன தாய்மாரும் வருவினம். முதல் சந்திப்பில, தேவனில அன்புகூருகிறவைக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாய் நடக்குது எண்டு சொல்லுற ரோமர் 8:28 வாசிக்கலாமோ?

வட்டுக்கோட்டை அண்ணா:
வேண்டாம் தங்கச்சி. சத்தியமான வசனம்தான், ஆனால் முதல் நாளில அது "இனி அழாதேங்கோ" எண்டுதான் காதில விழும். கேட்க முதல் பதில் சொல்லுறது புத்தியீனம் எண்டு நீதிமொழிகள் 18:13 சொல்லுது. ஒரு மணித்தியாலத்தில நாற்பது நிமிடமாவது அவவே கதைக்கட்டும். நித்திரை, சாப்பாடு, வீட்டில ஆர் துணை, எந்த நேரம் கூடக் கஷ்டம் எண்டு கேளுங்கோ. சாகவேணும் எண்டிருந்த எலியாவுக்குத் தூதன் முதலில குடுத்தது அப்பமும் தண்ணியும் (1 இராஜாக்கள் 19). யோபுவின் சிநேகிதரும் ஏழு நாள் பேசாமல் இருந்தவரைக்கும் பிழைவிடேல்லை, விளக்கம் சொல்லத் தொடங்கினபிறகுதான் காயப்படுத்தினவை.

இரண்டாம், மூன்றாம் சந்திப்பில சங்கீதம் 13இன் முதல் இரண்டு வசனம் மட்டும். "எதுவரைக்கும்" எண்ட அந்தக் கேள்வி உங்கட கேள்வியோ எண்டு கேளுங்கோ. ஓம் எண்டால், தன்ர சொல்லில நாலு வரி எழுதிக்கொண்டு வரச்சொல்லுங்கோ. ஐந்தாம் வசனத்தின் நம்பிக்கைக்கு இழுக்காதேங்கோ, அவ தானாய் வரட்டும். சங்கீதம் 88 இருளிலதான் முடியுது, அதுவும் வேதத்தில இருக்கிற ஜெபம்தான்.

காணாமல் போனவையின்ர உறவுகளிட்ட "ஏற்றுக்கொள்ளுங்கோ" எண்டோ, நினைவு ஆராதனை வைக்கச் சொல்லியோ ஒருநாளும் கேட்காதேங்கோ. இறந்தது எண்டு ஆரும் உறுதிசெய்யாத இடத்தில, பிள்ளையைத் தானே சாகடிக்கிற மாதிரி அந்தத் தாய்க்கு இருக்கும்.

மானிப்பாய் அக்கா:
ஜெபிக்கிறதுக்கு முதல் "ஜெபிக்கட்டோ?" எண்டு கேளுங்கோ. அவவுக்குச் சொல்ல நினைச்ச புத்திமதியை ஜெபத்துக்குள்ள வைக்காதேங்கோ. கேட்டது ஒண்டும் ஜெபக்குறிப்பாய்க் கூட்டத்துக்குப் போகக்கூடாது. எங்கட சபையளில இரகசியம் வெளிய போறது கூடுதலாய் அந்த வழியாலதான். உயிராபத்து, பிள்ளைக்கு ஆபத்து எண்டால் மட்டும் மற்றவைக்குச் சொல்லவேண்டிவரும், அதைத் தொடக்கத்திலயே சொல்லிவையுங்கோ.

சந்தேகம் வந்தால் "சாகவேணும் போல இருக்கோ?" எண்டு நேரேயே கேளுங்கோ. கேட்கிறதால அந்த எண்ணம் புதிசாய் வராது. எப்படிச் சாகிறது எண்டு யோசிச்சு வைச்சிருந்தால் தனிய விடாதேங்கோ. கிருமிநாசினி, குளிசையளை அப்புறப்படுத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ. இலங்கையில அம்புலன்ஸ் 1990, மனநல உதவிக்கு 1926. விசுவாசம் இருந்தால் டொக்டர் தந்த குளிசையை நிப்பாட்டலாம் எண்டு ஆரும் சொன்னால் உடன மறுங்கோ.

சுன்னாகம் தங்கச்சி:
நன்றி அக்கா. புருசன் அடிக்கிற வீடு எண்டால் இரண்டு பேரையும் ஒண்டாய் இருத்திக் கதைக்கலாமோ?

மானிப்பாய் அக்கா:
கூடாது. அவ அங்க சொன்னதுக்கு வீட்டில அடி விழும். தனியச் சந்தியுங்கோ. எபேசியர் 5:22ஐ மட்டும் பிடிச்சு "அடங்கிப்போங்கோ" எண்டு சொல்லுறது வேதத்தைப் பிழையாய்ப் பாவிக்கிறது. மனைவியில அன்புகூரவேணும் எண்டு 25ஆம் வசனம் புருசனுக்குத்தான் எழுதியிருக்கு, போதகர் அதை அவரிட்டப் பிறிம்பாய்க் கதைக்கட்டும். அதுவும் அவ சம்மதிச்சால் மட்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.