போச்சியின் கடைசி மேட்ச்: ஞாயிறு ஆரக்கிள் பார்க் போறவங்களுக்கு

கேள்வி (2019 செப்டம்பர் 23)

சன்னிவேலுக்கு வந்து ரெண்டு மாசம். ஆபீஸ்ல வர்ற ஞாயிறு 29ஆம் தேதி ஆரக்கிள் பார்க் மைதானத்துல நடக்கற சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் மேட்சுக்குக் கூப்பிடறாங்க. மேனேஜர் புரூஸ் போச்சிக்கு அதுதான் கடைசி மேட்சாம். எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். அணி பிளேஆஃபுக்கே (சீசன் கடைசி நாக்அவுட் சுற்றுக்கே) போகலையாம், அப்புறம் எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எப்படிப் போறது, என்ன எடுத்துட்டுப் போறது?

பதில்

முதல்ல ஒண்ணு: ஆபீஸ்ல "மேனேஜர்"னா வேற, இங்க வேற. பேஸ்பால் மேனேஜர் கிரிக்கெட் கேப்டனும் கோச்சும் சேர்ந்த ஆள். வீரர்கள் மாதிரியே யூனிஃபார்ம் போட்டுத்தான் உட்காருவார். போச்சிக்கு 15ஆம் நம்பர். யார் பந்து போடணும், எப்போ மாத்தணும், பேட்டிங் வரிசை என்ன, எல்லாம் அவர் முடிவு. ஒரு தடவை வெளிய எடுத்த வீரரை அந்த மேட்ச்ல திரும்ப இறக்க முடியாது. அதனால ஒவ்வொரு மாற்றமும் திரும்பப் பெற முடியாத செலவு.

ஜயன்ட்ஸ் ஆடற நேஷனல் லீக்ல பிட்சரும் (பந்து போடறவரும்) பேட் பிடிக்கணும். மேட்சுக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆறாவது இன்னிங்ஸ்ல ரன் தேவைப்படுது, பிட்சர் நல்லா போட்டுட்டிருக்கார், அவர் பேட்டிங் முறை வருது. அவரை எடுத்துட்டு அடிக்கிற ஆளை இறக்கணுமா, வேண்டாமா? அந்த இடத்துல ஆட்டத்தை விட்டுட்டு டக்அவுட்டை, அதாவது அணி உட்கார்ற பெஞ்சைப் பாருங்க.

போச்சி சான் டியேகோவுல 1995லிருந்து 2006 வரைக்கும் மேனேஜர், 2007லிருந்து இங்க. 2010, 2012, 2014ன்னு மூணு வேர்ல்ட் சீரிஸ் (சீசனோட இறுதிப் போட்டி) ஜெயிச்சார். 2014 வேர்ல்ட் சீரிஸ் கடைசி மேட்ச்ல பிட்சர் மேடிசன் பம்கார்னரை ரெண்டே நாள் ஓய்வுல ஐந்தாவது இன்னிங்ஸ்ல இறக்கி, முடிவு வரைக்கும் மாத்தவே இல்லை. கன்சாஸ் சிட்டியில 3-2 ஜெயம். இந்த செப்டம்பர் 18 பாஸ்டன்ல மேனேஜரா 2,000ஆவது வெற்றி. அந்த எண்ணிக்கையைத் தொட்ட 11ஆவது ஆள் இவர், மத்த பத்துப் பேரும் ஹால் ஆஃப் ஃபேம்ல (பேஸ்பால் ஜாம்பவான்கள் பட்டியல்ல) இருக்காங்க. இதுல வேடிக்கை, இவர் மொத்தக் கணக்குல தோல்விதான் வெற்றியை விட அதிகம். சுமாரான அணியை வச்சுக்கிட்டு, பிளேஆஃப் நடக்கற அக்டோபர்ல ஜெயிச்சவர்னுதான் இந்த ஊர் கொண்டாடுது.

பேரை "போச்சு"ன்னு சொல்லிடாதீங்க. அன்னைக்கு யாரும் சிரிக்க மாட்டாங்க.

பதில்

சீட் பத்தி யாரும் சொல்லலையே. ஜயன்ட்ஸ் டக்அவுட் மூணாவது பேஸ் பக்கம் (பேஸ்னா பேட்டர் ஓடித் தொடற முனை). அதுக்கு மேலேயே சீட் வாங்கினா போச்சியோட முதுகுதான் தெரியும். முதல் பேஸ் பக்கம் உட்கார்ந்தா அவர் முகம் நேரா தெரியும். பிட்சரை மாத்தப் படியேறி மெதுவா நடந்து வருவார், முழங்காலும் இடுப்பும் படுத்தற நடை. வர்ற வழியிலேயே ஒரு கையைத் தொட்டுக் காட்டுவார்: இடது கைன்னா இடது கை பிட்சர், வலதுன்னா வலது. ஒரே இன்னிங்ஸ்ல அதே பிட்சர்கிட்ட ரெண்டாவது தடவை போனா அவரை எடுத்தே ஆகணும்கிறது விதி. இந்த நடைக்குக் கூட்டம் எழுந்து நின்னு கை தட்டும், நீங்களும் எழுந்துக்கங்க. பிளீச்சர்ஸ் (எல்லைக்கு அந்தப் பக்க பெஞ்சு வரிசை) சீட் மலிவு, ஆனா மேல கூரை இல்லை, டக்அவுட் ரொம்பத் தூரம்.

டிக்கெட் எம்எல்பி பால்பார்க் ஆப்ல வரும். ஆபீஸ்காரர் ஒருத்தர் மொத்தமா வாங்கியிருந்தா சனிக்கிழமையே உங்க பேருக்கு மாத்தித் தரச் சொல்லி ஃபோன் வாலெட்ல சேர்த்துடுங்க. 40,000 பேர் ஒரே நேரத்துல வந்தா கேட்ல நெட் இழுக்காது. மறுவிற்பனைத் தளத்துல வாங்கினா கடைசிப் பக்கத்துல கட்டணம் ஏறும், அதைப் பார்த்துட்டு விலையை ஒப்பிடுங்க.

பதில்

சன்னிவேல்னா கால்ட்ரெயின் ரயில்தான். கடைசி ஸ்டேஷன்ல இறங்கிக் கூட்டத்தோட நடந்தா 15 நிமிஷத்துக்குள்ள கேட். ஏறும் முன்னாடியே கிளிப்பர் கார்டை (இங்க ரயில், பஸ்ஸுக்கெல்லாம் ஆன பயண அட்டை) தட்டணும், இறங்கினதும் மறுபடி தட்டணும். இறங்கும்போது மறந்தா கூடுதல் காசு பிடிச்சுடும். ஞாயிறு ரயிலுக்கு ரயில் இடைவெளி அதிகம், திரும்புற நேரத்தையும் இப்பவே குறிச்சுக்கங்க. போச்சிக்கு விடை கொடுக்கற விழா மேட்ச் முடிஞ்சப்புறம்தான், ஒரு ரயில் தள்ளியே கணக்குப் போடுங்க.

ஃப்ரீமான்ட்காரங்களுக்கு: ஞாயிறு பார்ட்ல (வளைகுடாப் பகுதி மெட்ரோ ரயில்) நேர் ரயில் கிடையாது, பே ஃபேர்ல மாறணும். எம்பார்கடெரோல இறங்கி கடலோரமா 20-25 நிமிஷ நடை. முனி (நகர ரயில்) பிடிக்கிறதா இருந்தா பார்ட் கேட்டை விட்டு வெளிய வந்து தனி கேட்ல நுழையணும், அது வேற டிக்கெட். கார் வேண்டாம். பழைய வழிகாட்டியில "ஏடி அண்ட் டி பார்க்"னு இருந்தா அதே இடம்தான், 2019ல பேர் மாறிடுச்சு.

வெளிச் சாப்பாடு கொண்டு போகலாம். எவர்சில்வர் டிஃபன் டப்பா, தெர்மாஸ், கண்ணாடி பாட்டில், கேன் எல்லாம் வேண்டாம், யார் மேலயாவது வீசக்கூடிய கெட்டிப் பொருளைத்தான் தடுப்பாங்க. சப்பாத்தி ரோலை ஃபாயில்ல சுத்தி மெத்துப் பையில வைங்க. தயிர் சாதம் ஜிப் கவர்ல கொழகொழன்னு ஆயிடும், புளியோதரை தாங்கும். தண்ணி சீல் உடைக்காத பிளாஸ்டிக் பாட்டில்ல. உள்ள வாங்கறதுன்னா பூண்டு ஃப்ரைஸ். நம்ம நாக்குக்கு ஏத்தது, சைவம்.

வெயில்ல போனாலும் ஜாக்கெட் எடுங்க, நிழல் விழுந்ததும் வளைகுடாக் காத்து குத்தும். எதிரணி டாட்ஜர்ஸ், அவங்க நிறம் நீலம். நீலச் சட்டையை மட்டும் வீட்லயே விட்டுடுங்க.

பதில் (செப்டம்பர் 29, இரவு)

0-9 தோல்வி. இந்த சீசன்ல 106 மேட்ச் ஜெயிச்ச டாட்ஜர்ஸ்கிட்ட அது ஆச்சரியம் இல்லை. ஐந்தாவது இன்னிங்ஸ்ல பம்கார்னரையே பேட் பிடிக்க அனுப்பினார் போச்சி, அதுவும் டாட்ஜர்ஸோட நட்சத்திர பிட்சர் கிளேட்டன் கெர்ஷாவுக்கு எதிரா. அடிச்ச பந்து நேரா மூணாவது பேஸ்மேன் கையில போச்சு. பம்கார்னர் ஒப்பந்தமும் இதோட முடியுதுன்னு தெரிஞ்ச கூட்டம் உட்காரவே இல்லை. ஸ்கோரைப் பார்த்துட்டுச் சீக்கிரம் ரயில் பிடிச்சவங்க விட்டது பெரிசு: விழாவுக்குப் பழைய வீரர்கள் ஒவ்வொருத்தரா மைதானத்துக்குள்ள வந்தாங்க, ரொம்ப நாளா இந்தப் பக்கமே வராத பழைய பிட்சர் டிம் லின்சகமும் வந்தார். அந்தச் சத்தம்தான் இன்னைக்கு அதிகபட்சம். போச்சி பேசி முடிச்சுத் தொப்பியைக் கழட்டினார். 8⅛ அளவுத் தொப்பி, கடையில சாதாரணமா கிடைக்காது.

பதில் (2023 நவம்பர்)

பழைய இழையைத் தேடி வர்றவங்களுக்கு: ஓய்வு முடிஞ்சு அவர் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மேனேஜரா வந்து, முதல் வருஷமே அரிசோனாவை 4-1னு தோற்கடிச்சு வேர்ல்ட் சீரிஸ் வாங்கிட்டார். 2010ல ஜயன்ட்ஸ் மேனேஜரா அவர் தோற்கடிச்சதும் இதே டெக்சஸைத்தான்.

மேல சொன்னதுல மாறினது: 2022லிருந்து ரெண்டு லீக்லயும் பிட்சர் பேட் பிடிக்க வேண்டியதில்லை, அதனால அந்த ஆறாவது இன்னிங்ஸ் தலைவலி போச்சு. 2020லிருந்து மாத்தி வர்ற பிட்சர் குறைஞ்சது மூணு பேட்டருக்குப் போடணும், இல்ல இன்னிங்ஸை முடிக்கணும். பார்ட்ல ஞாயிறும் நேர் ரயில் வந்துடுச்சு.