கடல் ஏற்றத்தில் கரைக்கு வந்த மீன்: பார்த்தவர்கள் எழுதுங்க

தேவனாம்பட்டினம் பையன்
மாசி மகத்துக்கு மறுநாள், சாயங்காலம் நாலு மணி. தீர்த்தவாரிக் கூட்டம் விட்டுப்போன மாலைகள் மணலில் காய்ந்து கிடந்தன. பௌர்ணமி வற்றத்தில் கடல் நன்றாக இறங்கியிருந்ததால் மணல்திட்டு வெளியே தெரிந்தது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் வாய்க்கால் போலக் கணுக்கால் தண்ணீர், அதில் விரல் நீள மடவைக் குஞ்சுகள், அசையாமல். அப்புறம் ஏற்றம் பிடித்தது, தண்ணீர் திரும்ப ஏற ஆரம்பித்தது. முதல் அலை திட்டைத் தாண்டி விழுந்ததும் அத்தனை குஞ்சும் ஒரே வெட்டில் கடல் பக்கம் திரும்பின. மூன்றாவது அலையோடு ஒரு சாண் கிழங்கான் மீன், வயிறு மணலில் உரச உள்ளே வந்தது. என் காலுக்கு ஒரு முழம் தள்ளி மூக்கால் மணலைக் குத்திப் புழு தேடியது. வால் மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடியது. நான் மூச்சுகூட விடவில்லை.

வீராம்பட்டினம் மாமா
தம்பி, பார்த்ததை மறுக்கவில்லை. காரணம் ஏற்றம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்ம கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். குஜராத் பக்கம் காம்பே வளைகுடா மாதிரி 10 மீட்டரா ஏறுது? வெயில் தாழ்ந்தால் மீன் கரை ஒதுங்கும், அவ்வளவுதான். சுண்ணாம்பாறு முகத்துவாரத்தில் நான் கெளுத்தி பிடித்ததெல்லாம் பொழுது சாயும்போதுதான். வற்றமா ஏற்றமா என்று பார்த்ததே இல்லை.

தாழங்குடா அக்கா
எங்க வீட்டுக்காரர் ஒரு அமாவாசையன்று காலை ஒன்பது மணிக்கு, சுள்ளென்ற வெயிலில், ஒரே வீச்சில் வலை நிறையக் காரப்பொடி மீன் எடுத்தார். அப்போது கடல் நிறைந்து நின்றது. மாமா, உயரம் கொஞ்சமானாலும் சரிவான மணலில் தண்ணீர் எவ்வளவு தூரம் உள்ளே வருது பாருங்க. மட்டியும் மணலுக்குள் புதையும் பூச்சிகளும் இருப்பது அங்கேதான். தண்ணீர் மூடினால்தானே மீன் அங்கே போய்த் தின்ன முடியும்? குஞ்சுகளுக்கும் அந்த ஆழமில்லாத இடம்தான் பெரிய மீனிடமிருந்து தப்பிக்க வழி. சந்தேகம் இருந்தால் பௌர்ணமியிலிருந்து ஒரு வாரம் அதே நாலு மணிக்குப் போய் நில்லுங்க. ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அஷ்டமிக்குள் வற்றமாக இருந்த நேரம் ஏற்றமாகிவிடும், வெயில் மட்டும் அப்படியே இருக்கும். வெளிச்சமா தண்ணீரா என்று அப்போது தெரிந்துவிடும். இன்னொன்று, பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஏற்றம் பிடிக்கும் நேரத்தில் திட்டின் மேல் நிற்கவிடாதீர்கள். முன்னால் அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது முதுகுப்பக்கம் பள்ளம் நிறைந்துவிடும். அந்தத் தண்ணீர் திட்டு உடைந்த இடம் வழியாகக் கடலுக்குள் இழுக்கும்.

தேவனாம்பட்டினம் பையன்
மாமா, அந்தக் கிழங்கான் வரும்போது என் முதுகில் வெயில் இன்னும் சுட்டுக்கொண்டுதான் இருந்தது.