'ட்ரிங்கோமலி' மாதிரிக் கப்பல்: தேக்கில்தான் செய்ய வேண்டுமா?

திருமலையான்:
பம்பாயில் 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கிய 'ட்ரிங்கோமலி' போர்க்கப்பலை 1:64 அளவில் செய்யத் தொடங்குகிறேன். எங்கள் ஊரான திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. கட்டியவர் வாடியா குடும்பத்து ஜம்செட்ஜி பொமன்ஜி, மரம் மலபார் தேக்கு. அந்தத் தேக்கால்தான் உடலில் பாதிக்கு மேல் பழைய மரமாகவே இன்றும் இருக்கிறது. ஆகவே மாதிரியும் தேக்கில்தான். பழைய கதவுச் சட்டங்கள் கைவசம் உள்ளன. வேறு மரத்தில் செய்துவிட்டு அதை வரலாற்றுத் துல்லியம் என்று எப்படிச் சொல்வது?

இழைப்புளி:
வேண்டாம் அண்ணா. கப்பலைச் சுருக்கலாம், மரத்தின் இழையைச் சுருக்க முடியாது. தேக்கில் 0.2 மி.மீ. துளைகள் சாதாரணம். 64ஆல் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட 13 மி.மீ. விரல் நுழையும் ஓட்டைகள் நிறைந்த பலகையால் எந்தத் தச்சனாவது கப்பல் கட்டுவானா? பேரி மரமோ பாக்ஸ்வுட்டோ எடுங்கள். இழை தெரியாது, மெல்லிய சட்டமாக அறுத்தாலும் ஓரம் உதிராது. தேக்கின் எண்ணெயில் பசையும் சரியாகப் பிடிக்காது.

திருமலையான்:
ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைத்தால் பிடிக்கும். துளைகளை நிரப்பித் தேய்த்துவிடலாம். நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத் தகடு, மேலே பெயின்ட். இழை எங்கே தெரியப் போகிறது?

இழைப்புளி:
அப்படியானால் தேக்கும் தெரியாதே! பார்ப்பவருக்குத் தெரியாத ஒன்றுக்காக ஏன் இவ்வளவு பாடு?

திருமலையான்:
தெரியாவிட்டாலும் உள்ளே இருக்க வேண்டும். நாளைக்கு ஒருவர் பழுதுபார்க்கத் திறந்தால் தேக்கைத்தான் பார்ப்பார்.

நங்கூரம்:
இருவரும் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எந்த வருடத்துக் கப்பல் என்று முதலில் சொல்லுங்கள், எனக்கு அதுதான் பெரிய கேள்வி. இது லீடா வகைக் கப்பல் (ஒரே வடிவமைப்பில் கட்டிய போர்க்கப்பல் வரிசை), 1782இல் பிடிபட்ட 'ஹெபே' என்ற பிரெஞ்சுக் கப்பலின் வடிவத்திலிருந்து வந்தது. பம்பாய்க்கு அனுப்பிய முதல் வரைபடங்கள் 1812இல் அவற்றை ஏற்றிச் சென்ற 'ஜாவா' கப்பலோடு அழிந்தன, மறுபடி அனுப்ப வேண்டியதாயிற்று. இப்படி வந்த கப்பல் 1819இல் இங்கிலாந்து சேர்ந்ததும் என்ன ஆயிற்று? பாய்மரங்களைக் கழற்றி, கூரை போட்டு, 1845 வரை சும்மா நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் பின்புறத்தின் வடிவத்தை மாற்றி, பீரங்கிகளைக் குறைத்து, 26 பீரங்கிக் கார்வெட் (சிறிய வகைப் போர்க்கப்பல்) ஆக்கினார்கள். கடற்படைப் பணிக்குப் போனது 1847இல், அந்த உருவத்தில்தான். 1817இன் 38 பீரங்கிக் கப்பலாக, பாய் விரித்து, பீரங்கி நீட்டி நிற்க வைத்தால் அது ஒருநாளும் போர்ப் பணியில் இல்லாத கோலம். இன்றைய புகைப்படத்தைப் பார்த்து 1817இன் பின்புறத்தைச் செதுக்கினால் இன்னும் மோசம்.

இழைப்புளி:
இதில் உங்களோடு உடன்பட மாட்டேன். போருக்குப் போனால்தான் கப்பலா? பழைய கடற்படை மாதிரிகள் பலவற்றில் பாய்மரமே கிடையாது, அடிப்பகுதியில் பலகை போடாமல் வங்குகளை, அதாவது உடலின் விலா எலும்பு போன்ற வளைந்த சட்டங்களை, திறந்தே விட்டிருப்பார்கள். அவை காட்டுவது கப்பலின் வடிவமைப்பை. 1817ஐ அப்படிச் செய்யலாம், பாயும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். ஆனால் அங்கே வெறும் மரம்தான் கண்ணில் படும், எனவே தேக்கு கூடவே கூடாது.

திருமலையான்:
வங்கு தெரிகிற மாதிரி என்றால்தான் எனக்குத் தேக்கு கட்டாயம் வேண்டும்! அந்தக் கப்பலின் பெருமையே அந்த வங்குகள்தானே. துளை பெரிதாகத் தெரியும் என்பது சரி. அதற்கு அளவை 1:48 ஆக்குகிறேன். பீரங்கித் தளம் சுமார் 150 அடி, மாதிரியில் 95 செ.மீ. வரும், மேசை தாங்கும்.

இழைப்புளி:
1:48லும் ஒரு துளை 10 மி.மீ. கணக்குதான் வரும்.

நங்கூரம்:
ஒரே ஒரு வங்கைத் தேக்கிலும் பேரியிலும் அறுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள். பின்புறத்துக்கு மட்டும் 1845க்கு முந்தைய வரைபடம் இல்லாமல் உளியைத் தொடாதீர்கள். லீடா வகையின் வரைபடங்கள் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளன, நகலுக்கு எழுதிக் கேளுங்கள்.

திருமலையான்:
கேட்கிறேன். வங்கு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மரத்திலும்.