கிளினிக்கல் சைக்காலஜி பேராசிரியரின் விவரப் பக்கத்தை எப்படிப் படிப்பது?

முக்கூடல்காரி:

எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்தாயிற்று, பிஎச்.டி.க்கு வழிகாட்டி தேடுகிறேன். பீடி சுற்றும் பெண்களிடம் மனச்சோர்வு என்பது தலைப்பு. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் களப்பணி. ஒரு பேராசிரியரின் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "எம்.ஏ. (சைக்காலஜி), எம்.ஃபில். (மெடிக்கல் அண்ட் சோஷியல் சைக்காலஜி), பிஎச்.டி. ஆய்வு ஆர்வங்கள்: சி.பி.டி., நியூரோசைக்காலஜி, தற்கொலைத் தடுப்பு, போதைப் பழக்கம், குழந்தைகள் மனநலம், மைண்ட்ஃபுல்னெஸ், பாசிட்டிவ் சைக்காலஜி. கட்டுரைகள் 41."

எம்.ஃபில்.லில் கிளினிக்கல் என்ற சொல்லே இல்லை. இவரைக் கிளினிக்கல் ஆள் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆர்வப் பட்டியலில் எதை நம்புவது? பிஎச்.டி. முடித்தால் நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்கலாமா?

சுலோச்சனா பாலம்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம்: வைக்க முடியாது. பிஎச்.டி. ஆய்வுப் பட்டம். நோயாளியைப் பார்க்க ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த மருத்துவமனைப் பயிற்சி வேண்டும், அதை முடித்தவருக்குத்தான் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் எண் கொடுப்பார்கள். அந்தப் பயிற்சிக்கு முக்கிய வாசலாக இருந்தது இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். 2022 விதிமுறையில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) எம்.ஃபில்.லையே நிறுத்திவிட்டது. பிறகு கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்குக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. இனி எந்தப் படிப்பில் சேர்வதானாலும் ஆர்.சி.ஐ. தளத்தில் உள்ள பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரும் படிப்பின் பெயரும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி அடிக்கிற நோட்டீஸில் பார்க்காதீர்கள்.

மெடிக்கல் அண்ட் சோஷியல் பற்றிக் கவலையே வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி. போன்ற மத்திய அரசு மனநல நிறுவனங்களில் அதே பயிற்சிக்கு இருந்த பெயர் அது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று சொல்லும் இடத்தில் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. ஏமாறுகிற இடம் வேறு. வெறும் "எம்.ஃபில். (சைக்காலஜி)" என்று இருந்தால் அது ஆய்வேடு எழுதி வாங்குவது, வார்டு வாசலை மிதிக்காமலே முடித்துவிடலாம். தப்பான பட்டம் என்று சொல்லவில்லை, வேலை வேறு.

ஆர்வப் பட்டியல் கல்யாணப் பந்தி இலை மாதிரி. பரிமாறியது பதினேழு வகை இருக்கும், எதைத் தொட்டுச் சாப்பிட்டார் என்பதுதான் விஷயம். 41 கட்டுரையையும் எண்ண வேண்டாம். கடைசி ஐந்து வருஷத்தை மட்டும் எடுத்து, எந்தத் தலைப்பு மூன்று தடவைக்கு மேல் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் பெயராகவோ கடைசிப் பெயராகவோ இருக்கிறாரா, பதினோரு பேரில் ஆறாவதாக இருக்கிறாரா என்றும் பாருங்கள். இந்தத் துறையில் முதல் பெயர் பெரும்பாலும் வேலை செய்தவர், கடைசிப் பெயர் நடத்தியவர்.

தேடும்போது நம் ஊர்ப் பெயர்கள் பாடாய்ப் படுத்தும். பி. இசக்கிமுத்து என்று ஒருவர் இருந்தால் ஒரு இதழில் "இசக்கிமுத்து பி", இன்னொன்றில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி "பேச்சிமுத்து இ". இரண்டும் வேறு ஆள் போல வரும், வேறு இசக்கிமுத்துக்களின் கட்டுரையும் கலந்துவிடும். அவருக்கு ஆர்க்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்கும் 16 இலக்க அடையாள எண்) இருந்தால் அதை வைத்துத் தேடுங்கள். இல்லாவிட்டால் பெயரோடு நிறுவனத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

கட்டுரைகளைவிட எனக்கு நம்பிக்கை ஷோத்கங்காவில்தான், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இணையதளம் அது. வழிகாட்டி பெயரில் தேடினால் அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடு வரும். முன்னுரையைத் தள்ளிவிட்டு முறையியல் அத்தியாயத்துக்குப் போங்கள். நாலு ஆய்வேட்டிலும் கல்லூரி மாணவர்கள் முந்நூறு பேர், இரண்டு கேள்வித்தாள், ஆண் பெண் வித்தியாசத்துக்கு டி-டெஸ்ட் என்று இருந்தால், பக்கத்தில் தற்கொலைத் தடுப்பு என்று போட்டிருந்தாலும் உங்களுக்கும் அதுதான் நடக்கும்.

ஹைகிரவுண்டு:

பாலம் அண்ணாச்சி சொன்னது சரி. ஆனா அந்த எம்.ஃபில். பயிற்சி இந்தத் தலைப்புக்கு எதுக்கு வேணும்ங்கத நான் சொல்லுதேன்.

நீங்க எப்படியும் மனச்சோர்வை அளக்குத பி.எச்.க்யூ-9 கேள்வித்தாளைத்தான் எடுப்பீங்க. இலவசம், அனுமதி கேட்க வேண்டாம், தமிழாக்கமும் கிடைக்கு. ஒன்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. பத்தும் அதுக்கு மேலயும் வந்தா மனச்சோர்வு இருக்கலாம்னு எடுப்பாங்க. இப்ப கேள்வியைப் பாருங்க: மூணாவது தூக்கம், நாலாவது அசதி, அஞ்சாவது பசி. காலையில இருந்து சொளவை மடியில வச்சு, குனிஞ்சே உக்காந்து, புகையிலைத் தூசியில பீடி சுத்துத பொம்பளைக்கு அசதி தினமும் உண்டு. முதுகுவலியில தூக்கம் இருக்காது. இந்த மூணுக்கும் மும்மூணு போட்டாலே ஒன்பது ஆச்சு. இன்னும் ஒரே ஒரு புள்ளி விழுந்தா அவங்க உங்க கணக்குல மனச்சோர்வு. ஊர்ல பாதிப் பேருக்கு நோய்னு அட்டவணை போட்டுருவீங்க, வைவாவுல (வாய்மொழித் தேர்வுல) அந்த இடத்துலதான் பிடிப்பாங்க.

அதனால கேள்வித்தாளோட நிறுத்தக் கூடாது. பத்துக்கு மேல வந்தவங்க எல்லாரையும், கீழ வந்தவங்கள்ல குலுக்கிப் போட்டு கொஞ்சம் பேரையும், முறையான நோயறி நேர்காணல் செய்யணும். செய்யுதவருக்கு அந்தப் பெண் வாங்கின மதிப்பெண் தெரியக் கூடாது. இந்த நேர்காணலைச் சொல்லிக் குடுத்து, பக்கத்துல இருந்து திருத்துததுக்கு வார்டுல பழகின ஆள் வேணும். உங்க பேராசிரியரோட எம்.ஃபில். இங்கதான் உதவும். ஒப்பீட்டுக்கு அதே ஊர்ல களை எடுக்கப் போறவங்க, நூறு நாள் வேலைக்குப் போறவங்கள எடுங்க. பாளையங்கோட்டையில ஆபீஸ் போறவங்களோட ஒப்பிட்டா வறுமையை அளந்ததா பீடியை அளந்ததான்னு பிரிக்க முடியாது.

இன்னும் ரெண்டு. தமிழாக்கத்துல "பாதி நாட்களுக்கு மேல்"னு ஒரு பதில் இருக்கு. வாசிச்சுக் காட்டினா "அப்பப்ப வரும்மா"ம்பாங்க. அப்பப்பங்கது 1-ஆ 2-ஆ? "போன பதினாலு நாள்ல ஏழு நாளுக்கு மேலயா, குறைவா"ன்னு காலண்டரைக் காட்டிக் கேளுங்க. "மனச்சோர்வு"ங்க சொல்லும் களத்துல எடுபடாது. "மனசு சரியில்ல", "நெஞ்சு படபடங்கு", "தலை பாரமா இருக்கு"ன்னுதான் சொல்லுவாங்க. முதல்ல இருபது முப்பது பேர்கிட்ட முன்னோட்டம் பார்த்துச் சொல்லைச் சரிபண்ணிக்கிடுங்க.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பத்தினது. திண்ணையில நாலு பேர் சேர்ந்து சுத்துத இடத்துல அதைக் கேட்கவே கூடாது, எல்லாரும் 0-தான் சொல்லுவாங்க. தனியா உக்கார வச்சுக் கேளுங்க, கடைக்குப் பீடி ஏத்துத நேரத்துல போகாதீங்க. அந்தக் கேள்விக்கு 1 விழுந்தாலும் அன்னைக்கே என்ன செய்வீங்கன்னு எழுதி வச்சிருக்கணும்: யார் பேசுவாங்க, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கு யார் கூட்டிட்டுப் போவாங்க, ராத்திரின்னா அரசோட மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416. இது இல்லாம நெறிமுறைக் குழு தாளைத் திருப்பிரும், திருப்புததும் சரிதான்.

முக்கூடல்காரி:

நன்றி அண்ணாச்சி. கேள்வித்தாளோடு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சிக்கல்: அவர் ஓய்வு பெற இரண்டரை வருஷம்தான் இருக்கிறது.

தச்சநல்லூர்:

அப்படியென்றால் அவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. 2022 யு.ஜி.சி. விதிப்படி ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்குக் கீழே இருந்தால் புது ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது. அவர் "பார்த்துக்கலாம்மா" என்று சொன்னாலும் பல்கலைக்கழகத்தில் பதிவு நிற்காது. வேறு ஒருவரை வழிகாட்டியாகப் போட்டு, இவர் இணை வழிகாட்டியாக வர உங்கள் பல்கலைக்கழகம் இடம் கொடுக்குமா என்று ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள்.

இடம் காலியா என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 வரைதான் வைத்துக்கொள்ளலாம். எட்டு பேரை வைத்திருக்கும் பெரிய பெயரைவிட, நிம்ஹான்ஸ் மாதிரி இடத்தில் பயிற்சி முடித்து வந்து இரண்டே பேரை வைத்திருக்கும் உதவிப் பேராசிரியர் இந்தத் தலைப்புக்கு மேல். உங்கள் நேர்காணல் பதிவை உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் இருக்கும்.

முதல் கடிதம் ஒரு பக்கம் போதும். "தங்களின் மகத்தான ஆய்வுப் பணி" எல்லாம் வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையின் பெயர், அதில் உங்களுக்கு வந்த ஒரு சந்தேகம், உங்கள் தலைப்பு மூன்று வரியில், களத்துக்குப் போக யார் மூலம் வழி இருக்கிறது என்பது. கூடவே ஹைகிரவுண்டு அண்ணாச்சி சொன்ன அந்த ஒன்பது புள்ளிக் கணக்கையும் எழுதி, இதை எப்படிச் சமாளிக்கலாம் என்று கேளுங்கள். பதிலில் அதைத் தொட்டுப் பேசுகிறவரிடம் போய்ச் சேருங்கள்.